மண்ணுக்குப் போகாத கால்

என் கையெழுத்து கோழி கிறுக்கியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. லகரம், ளகரம், ழகரம் மூன்றும் எங்கெங்கே வரும் என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. தப்பு இருக்கும் இடத்தில் வாசிக்கிறவர்களே திருத்திக்கொண்டால் புண்ணியமாகப் போகும். வாயால் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நாலு பேர் எதிரில் உட்கார்ந்தால் எனக்குப் பேச்சு வராது. கல்யாணத்தன்று ஐயர் சொல்லச் சொன்னதைக்கூட நான் திருப்பிச் சொல்லவில்லை என்று என் மனைவி இப்போதும் குத்திக் காட்டுவாள். எழுதச் சொன்னதும் அவள்தான்.

காரைக்குடியில் ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் சாமான் கழுவுகிற வேலை எனக்கு. கிருமிகளை வளர்த்துப் பார்க்கிற கூடம் அது. மூடி போட்ட வட்டத் தட்டுகள், உள்ளங்கை அகலம் இருக்கும். கடல்பாசியைக் காய்ச்சி அதில் ஊற்றி ஆறவிட்டால் கெட்டிப்படும். அதன்மேல்தான் கிருமி வளரும். நோன்பு மாதத்தில் எங்கள் பக்கத்து வீட்டிலிருந்து பாலும் சீனியும் போட்ட கடல்பாசி கிண்ணத்தில் வரும். எங்கள் வீட்டில் ஆசையாகச் சாப்பிடுவார்கள். எனக்குத் தட்டு ஞாபகம் வந்துவிடும். ஒரு வாய்க்குமேல் இறங்காது.

வேலை முடிந்த தட்டுகளை அப்படியே கழுவக் கூடாது. ஆளுயரத்துக்கு ஒரு குக்கர் இருக்கிறது. அதில் அடுக்கி, நீராவியில் வேகவைத்து, கிருமி செத்த பிறகுதான் தொட வேண்டும். தட்டு மட்டுமில்லை. பஞ்சு, கையுறை, மிச்சம் கிடக்கிற மண், எல்லாமே. கூடத்துக்குள் வந்தது எதுவும் குக்கருக்குப் போகாமல் வெளியே போகக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்குச் சொன்னது அந்த ஒன்றுதான். வருடக்கணக்காகச் செய்ததில் அது கை தானாகச் செய்கிற காரியமாகிவிட்டது. வீட்டில் ஊசிப்போன குழம்பைக்கூடக் கொதிக்கவைத்துவிட்டுத்தான் கொட்டுவேன்.

"ஊசிப்போன கொழம்புக்குக் கருமாதி பண்ணுறாக, வந்து பாருங்கடி," என்று மனைவி பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்வாள்.

கழுவுகிற நேரம் போக மண் எடுத்து வருவதும் என் வேலைதான். ஆராய்ச்சி செய்கிற ஒரு பொண்ணு இருந்தது. சின்ன வயது, வாத்தியார் வீட்டுப் பிள்ளை, கழுத்தில் மெல்லிசாக ஒரு சிலுவைச் சங்கிலி. இந்த இடத்தில் இவ்வளவு ஆழம் என்று அது சொல்லும், நான் போய் எடுத்து வருவேன். லாரிப் பட்டறையில் டீசல் ஊறிக் கறுத்துப்போன மண். சாக்கோட்டைப் பக்கம் கோழிப் பண்ணைக்குப் பின்னால் எரு குவித்த மண். ஆஸ்பத்திரிச் சாக்கடை ஓரத்து மண். பட்டறைக்காரர் என்னைப் பார்த்தாலே, "என்ன, மண்ணுக்கு வந்தீகளா? இங்குட்டு நல்லாக் கறுத்துக் கெடக்கு, இதை அள்ளிக்கிருங்க," என்று பெரிய உபகாரம் போலச் சொல்வார்.

அந்த டீசல் மண்ணில் டீசலையே தின்று உயிர்வாழ்கிற கிருமி இருந்தது. எனக்கு அது அதிசயமாகப் பட்டது. அதைக் கேட்கப் போய்த்தான் வளையத்தைப் பற்றித் தெரிந்தது.

"கிருமிக்குள்ள அதோட எல்லாக் குணமும் எழுதின நீளமான நூல் ஒண்ணு இருக்குண்ணே," என்று அந்தப் பொண்ணு சொன்னது. "அது போக, தனியா குட்டி குட்டியா வளையம் சிலதும் இருக்கும். பிளாஸ்மிட்னு பேரு. டீசலத் திங்கிற வித்தை இதுல அந்த வளையத்துலதான் இருக்கு." தலைமுடியில் போட்டிருந்த ரப்பர் வளையத்தைக் கழற்றி மேசையில் வைத்தது. "ஒரு கிருமி பக்கத்துக் கிருமியத் தொட்டு, நடுவுல குழாய் மாதிரி ஒண்ணை நீட்டி, இதை அதுக்குக் குடுத்துரும்."

"குடுத்துட்டா இதுகிட்ட இல்லாமப் போயிராதா?"

"போகாது. நகல் எடுத்துத்தான் குடுக்கும். வாங்குனது இன்னொண்ணுக்குக் குடுக்கும். வேற இனமா இருந்தாலும் குடுக்கும். சொந்தம், சாதி ஒண்ணும் பாக்காது."

"அப்ப நம்மளவிடத் தேவல," என்றேன். எப்போதாவதுதான் எனக்கு இப்படி வாய் வரும். அந்தப் பொண்ணு சிரித்தது.

ஆனால் அதே வளையத்தில் மருந்துக்குச் சாகாமலிருக்கிற வித்தையும் இருக்குமாம். கோழிக்குத் தண்ணீரில் கலந்து கொடுக்கிற மருந்து, மனிதர் தின்கிற மாத்திரை, எல்லாம் எருவோடும் சாக்கடையோடும் மண்ணுக்கு வருகிறது. அதைத் தாங்கிய கிருமி பிழைக்கிறது. பிழைத்தது தன் வளையத்தை அடுத்ததுக்குக் கொடுக்கிறது. மண்ணில் சும்மா கிடக்கிற கிருமி, நோய் உண்டாக்குகிற கிருமிக்கும் கொடுத்துவிடும். டீசல் மண் நல்லதுக்கு, கோழி மண்ணும் சாக்கடை மண்ணும் கெட்டதைக் கண்டுபிடிக்க. அதற்காகத்தான் என்னை அலையவிட்டது.

"வீட்டுல அக்கா இன்சுலின் போடுறாங்கள்ல, அதுவும் இந்த வளையத்தாலதாண்ணே," என்று ஒருநாள் சொன்னது. மனிதர் உடம்பில் இன்சுலின் சுரக்கவைக்கிற அந்த நூல் துண்டை நகலெடுத்து ஒரு வளையத்தில் ஒட்டி, வளையத்தைக் கிருமிக்குள் விட்டால், கிருமி தனக்குத் தேவையே இல்லாத இன்சுலினைச் செய்துகொண்டே இருக்குமாம். பெரிய பெரிய தொட்டிகளில் அதை வளர்த்து, பிரித்தெடுத்து, புட்டியில் அடைக்கிறார்களாம்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்து ஊசி போட்டுக்கொண்டிருந்தாள்.

"கிருமியா செய்யுது?"

"கிருமிதான்."

"சொல்லாமயே இருந்திருக்கலாம்ல நீங்க. இனிமே ஊசியத் தொடுறப்பல்லாம் அந்த நெனப்பு வரும்." ஊசியை எடுத்து மூடி போட்டாள். பிறகு, "அதுவும் நம்மள மாதிரிதான். அடுத்தவுக வீட்டுப் பலகாரத்தைக் காலம் பூரா சுட்டுப் போடுது," என்றாள்.

அவள் பலகாரம் சுடுகிறவள். தேன்குழல், மணகோலம், சீப்புச்சீடை எல்லாம் செய்து வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்புகிற ஒரு வீட்டில் வேலை. காலையில் அடுப்பு முன் நின்றால் சாயங்காலம்வரை நிற்க வேண்டும். உட்கார்ந்து தேன்குழல் பிழிய முடியாது, எண்ணெய்ச் சட்டி அவ்வளவு அகலம். அந்த நிற்கிற காலை வைத்துத்தான் எங்கள் வீடு நடந்தது. என் சம்பளம் துணைக்குத்தான்.

அவளுக்குச் சர்க்கரை வியாதி வந்து ரொம்ப வருடம். செருப்பு கழன்று தெருவில் கிடக்கும், அது தெரியாமல் ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேருவாள். நாங்கள் சிரிப்போம். அவளும் சிரிப்பாள். அதில் சிரிக்க ஒன்றும் இல்லை என்பது எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

மகள் பிரசவம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று அம்மனுக்குப் பூக்குழி நேர்ந்திருந்தாள். மகள் திருப்பூரில் இருக்கிறாள். பேரன் பிறந்த பிறகும் என் மனைவி விடவில்லை, வருடா வருடம் இறங்கினாள். ஒவ்வொரு தடவையும் சுடும். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடி வந்து, கடைசியில் பால் ஊற்றின குழியில் நின்று ஆசுவாசப்படுவாள். சென்ற பங்குனியில் அப்படி இல்லை. மஞ்சள் சேலையோடு வேப்பிலையைக் கையில் பிடித்து, கங்கின்மேல் சந்தைக்குப் போகிறவள்போல நடந்து வந்தாள். பால் குழியில் நிற்கவும் இல்லை.

"சுடவே இல்லங்க," என்றாள் என்னிடம். முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

அதைக் கேட்ட பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். ஒருத்தி குனிந்து அவள் பாதத்தில் மஞ்சள்தண்ணீர் ஊற்றினாள். ஒருத்தி தன் பிள்ளையைக் கொண்டுவந்து அவள் காலில் போட்டாள். "அருள் வந்துருச்சு இவளுக்கு," என்று ஒரு அம்மா சொன்னார். நானும் நம்பினேன். கும்பிட்டேன்கூட.

மறுநாள் வலது பாதத்தில் கொப்புளம் கண்டது. அம்மன் தொட்ட இடத்துக்கு ஆஸ்பத்திரி மருந்து போடுவதா என்று அவள் கேட்டாள். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினாள். கொப்புளம் உடைந்து புண்ணானது. காய்ச்சல் வந்தது.

எங்கள் தெருவில் யாருக்கு உடம்புக்கு வந்தாலும் எல்லா வீட்டிலிருந்தும் மாத்திரை வரும். யாரும் மாத்திரையை முழுசாகத் தின்று முடிப்பதில்லை. காய்ச்சல் விட்டதும் மிச்சத்தை அஞ்சறைப் பெட்டி ஓரத்தில் வைத்துவிடுவார்கள், யாருக்காவது உதவும் என்று. எங்கள் வீட்டிலிருந்தும் எத்தனையோ வீட்டுக்குப் போயிருக்கிறது. எதிர்வீட்டில் பல்வலிக்கு வாங்கியது ஒன்று, கடைசி வீட்டில் ஒன்றுக்குப் போகையில் எரிச்சலுக்குக் கொடுத்தது ஒன்று. பக்கத்து வீட்டம்மாவின் வீட்டுக்காரர் சவூதியில் வேலை பார்க்கிறார். அந்த அம்மா கலர் அட்டை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தது.

"அக்கா, இது ஃபாரின் மருந்து. ஸ்ட்ராங்கு. ரெண்டு போட்டாலே கேட்டுரும், இன்ஷா அல்லா."

கேட்டது. காய்ச்சல் விட்டது. நிறுத்தினாள். மறுபடி வந்தது. வேறு வீட்டு அட்டை. மறுபடி விட்டது. சர்க்கரை மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. அப்போதும் நின்றுகொண்டுதான் தேன்குழல் பிழிந்தாள். வலித்தால்தானே உட்காருவதற்கு.

ஒருநாள் வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றுகையில் திராட்சைப் பழ வாசம் வந்தது. யாராவது பழம் வாங்கி வந்திருக்கிறார்களா என்று கேட்டேன். இல்லை என்றாள். அடுப்படிப் பக்கம் போனேன், அங்கே இல்லை. அவள் பக்கத்தில் வந்ததும் வாசம் கூடியது. அந்த வாசம் எனக்குத் தெரியும். கூடத்தில் ஒரு கிருமி இருக்கிறது, தட்டை மூடியிருந்தாலும் திராட்சை வாசம் அடிக்கும், தட்டே பச்சை பாரித்திருக்கும். அந்தத் தட்டை மட்டும் தனியாக எடுத்து வைக்கச் சொல்வார்கள்.

"காலைக் காட்டு," என்றேன்.

"என்னத்துக்கு? ஆறிக்கிட்டுத்தான் இருக்கு."

கட்டை அவிழ்த்தேன். துணியில் பச்சை.

"கெளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"ஆத்தா குடுத்த புண்ணு, அவளே பாத்துக்குவா."

"கெளம்புன்னு சொல்றேன்ல." சத்தம் போட்டுவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து நான் போட்ட சத்தம் அது ஒன்றுதான் இருக்கும். எழுந்து புடவையை மாற்றினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு டாக்டர் சின்னப் பையன்தான். பொறுமையாகக் கேட்டார்.

"பூக்குழியில எறங்குனீங்களாம்மா? சுடலையா?"

"சுடவே இல்ல சார்." அதைச் சொல்லும்போது அப்போதும் அவளுக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

அவர் ஊசி ஒன்றை எடுத்து மற்றக் காலின் பாதத்தில் வைத்தார், புண் இல்லாத காலில். அவளை மேலே பார்க்கச் சொன்னார். "குத்துனா சொல்லுங்க."

"சரி சார். குத்துங்க."

அவர் ஊசியைப் பையில் வைத்துவிட்டார். மூன்று இடத்தில் குத்தி முடித்திருந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் முகத்தை அவள் பார்த்தாள். பார்த்து, கேட்காமலே தெரிந்துகொண்டாள். சுவர் பக்கம் திரும்பிப் படுத்தாள். அப்படியே கிடந்து, "அப்ப அன்னைக்குச் சுட்டுச்சு," என்றாள். "சுட்டுச்சு. எனக்குத்தான் தெரியல."

அதன் பிறகு அவள் பூக்குழியைப் பற்றிப் பேசவே இல்லை.

புண்ணிலிருந்து பஞ்சில் ஒற்றி எடுத்து, எந்த மருந்துக்குக் கிருமி சாகிறது என்று பார்க்க அனுப்பினார்கள். அங்கே சோதனைக் கூடத்துக்கு வெளியே நான் போய் நின்றேன். உள்ளே போகக் கூச்சம். வெளியே வந்த பெண் ஊழியர் என்னை யாரோ என்று பார்த்தது. "நானும் தட்டு கழுவுறவன்தாம்மா. என் சம்சாரத்தோட தட்டு. ஒரு தடவ பாக்கலாமா?" என்றேன். என்ன நினைத்ததோ, மூடியோடு கொண்டுவந்து வெளிச்சத்தில் காட்டியது.

தட்டு முழுக்கக் கிருமி பாய் விரித்தது போல வளர்ந்திருந்தது. அதன்மேல் மருந்து தோய்த்த காகிதப் பொட்டுகள். மருந்து வேலை செய்தால் பொட்டைச் சுற்றிக் கிருமி செத்து, தெளிவாக ஒரு வட்டம் விழும். எங்கள் கூடத்தில் அந்த வட்டங்களைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பழக்கம். அவள் தட்டில் பொட்டுகளின் விளிம்பை ஒட்டிக் கிருமி நின்றது. ஒரு பொட்டின்மேலேயே ஏறியிருந்தது. ஒன்றே ஒன்றைச் சுற்றித்தான் மோதிரம் அளவுக்குத் தெளிவு இருந்தது.

அந்த ஒரு மருந்தை ஏற்றினார்கள். சிறுநீரகம் தாங்கவில்லை. நிறுத்த வேண்டியதாயிற்று. பாதம் கறுத்து, கறுப்பு மேலேறியது. முழங்காலுக்குக் கீழே எடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னார். என்னைத் தனியே கூப்பிட்டுத்தான் சொன்னார். எப்படிச் சொல்வது என்று நான் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"காலை எடுக்கணும்னு சொல்லிட்டாகளா?" என்று அவளே கேட்டாள்.

தலையை ஆட்டினேன்.

"அதுக்கு ஏன் நீங்க நொண்டுறவுக மாதிரி நிக்கிறீக? உக்காருங்க."

உட்கார்ந்தேன். அவள் போர்வையைக் காலுக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்குறேன், செய்வீகளா?"

"சொல்லு."

"எடுத்த காலை ஆஸ்பத்திரியிலயே விட்டுட்டு வந்துராதீக. கேட்டு வாங்குங்க. வலையபட்டிப் புஞ்சையில எங்கப்பாவ வச்ச எடத்துப் பக்கத்துல, பனையடியில, குழி தோண்டி வச்சிருங்க. நான் போறப்ப மிச்சத்தையும் அங்கயே கொண்டாங்க. காலு முன்னாடி போயிருக்கட்டும். மொதல்ல காலுதானே போகணும்."

சரி என்றேன். அந்தப் புஞ்சை அவள் அப்பா வழியில் வந்தது. அவள் பெயருக்கென்று இருக்கிற மண் அது மட்டும்தான். குத்தகைக்கு விட்டிருக்கிறோம். போகிற போதெல்லாம் அந்தப் பனையடியில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் திரும்புவாள்.

அறுவை முடிந்து அவளை வேறு அறைக்குக் கொண்டுபோனார்கள். ஒரு நர்ஸம்மா கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டது.

"காலை நீங்க எடுத்துட்டுப் போறீங்களா? இல்ல நாங்களே எரிக்கிறதுக்கு அனுப்பிரவா? எடுத்துட்டுப் போறதுன்னா ஒரு கையெழுத்துப் போடணும்."

அந்த அம்மா கையில், எரிக்கிறதைப் போடுகிற மஞ்சள் பிளாஸ்டிக் பை இருந்தது. பையைப் பார்த்ததும் என் புத்தியில் வந்தது அவள் கால் இல்லை. தட்டுதான் வந்தது. பாய் விரித்தது போலக் கிருமி, வட்டமே விழாத பொட்டுகள். அந்தக் கிருமி முழுக்க இந்தப் பைக்குள் இருக்கிறது. அதை நான் கையால் எடுத்துக்கொண்டுபோய், குக்கருக்குக் காட்டாமல், மண்ணில் வைக்கப் போகிறேன். அந்த மண்ணில் கிருமி இருக்கும். அது வாங்கிக்கொள்ளும். அடுத்ததுக்குக் கொடுக்கும். கடலையும் வரகும் போடுகிற மண், குத்தகைக்காரரின் பிள்ளைகள் செருப்பில்லாமல் நடக்கிற மண்.

"எரிக்கவே அனுப்பிருங்கம்மா," என்றேன்.

அது என் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்தது. நாலு பேர் முன்னால் பேசாதவன், அதைத் தெளிவாகச் சொன்னேன். கதவு சாத்திக்கொண்டது. ஓடிப்போய்த் தட்டலாமா என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே நின்றேன்.

அவள் மயக்கம் தெளிந்து ஒருநாள் போன பிறகு கேட்டாள்.

"வச்சிட்டீகளா?"

பொய் சொல்லியிருக்கலாம். பனையடியில் ஒரு கல்லை நட்டுவைத்தால் அவளுக்குத் தெரியவா போகிறது? ஆனால் அவளிடம் பொய் சொன்னால் என் காது சிவந்துவிடும், அது அவளுக்குத் தெரியும். நடந்ததைச் சொன்னேன். வளையத்தைப் பற்றியும், மண்ணைப் பற்றியும், எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"நீங்க எங்கெங்கிட்டோ மண்ணள்ளிட்டு வாரீகளே, சாக்கடை மண்ணு, கோழிப்பீ மண்ணு. அந்த மண்ணுக்கெல்லாம் ஆகாதது எங் காலுதானாக்கும்," என்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் என்னிடம் பேசவில்லை. சோறு போட்டு வைத்தால் சாப்பிடுவாள். ஊசியை அவளே போட்டுக்கொள்வாள். பலகாரம் சுடுகிற வீட்டிலிருந்து வந்து பார்த்துவிட்டு, உட்கார்ந்து செய்கிற வேலை இருந்தால் சொல்லியனுப்புகிறோம் என்றார்கள். சொல்லியனுப்பவில்லை.

பக்கத்து வீட்டம்மாதான் தினமும் வந்து துணி துவைத்துக் கொடுத்தது, தலை பின்னிவிட்டது. பாதி மாத்திரையில் சாகாமல் பிழைத்த கிருமிதான் மருந்துக்கு அடங்காமல் போனது என்பதை அந்த அம்மாவிடம் நான் சொல்ல வேண்டியிருந்தது. பிள்ளைகளுக்காவது அரைகுறையாகக் கொடுக்காமல் இருக்கட்டும் என்று.

"நாந்தானேண்ணே குடுத்தேன்," என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது.

"நீங்க மட்டும் இல்லம்மா. தெருவே குடுத்துச்சு. நாங்களும் குடுத்திருக்கோம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலை என்ன செய்தீர்கள் என்று கேட்டது. எரிக்க விட்டுவிட்டேன் என்றேன். அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தது. "எங்க மாமனாருக்கு மில்லுல வெரலு போச்சு. வெரலுதான். அதையே மையவாடிக்குக் கொண்டுபோயி அடக்கம் பண்ணுனோம். ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றது. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வலையபட்டிக்குப் போனேன். யாரும் அனுப்பவில்லை. பனையடியில் ஒரு சாண் தோண்டி, வழக்கமான பையில் மண் எடுத்து வந்தேன். அங்கே எதுவும் இல்லை என்று தெரிந்தால், நான் செய்தது சரி என்று அவளிடம் சொல்லலாம். அதற்காகத்தான்.

ஆராய்ச்சிப் பொண்ணிடம் கொடுத்துக் காரணத்தையும் சொன்னேன். அது பையை வாங்கி மேசையில் வைத்தது. "ஒரு காலால ஒரு புஞ்சை கெட்டுராதுண்ணே. அன்னைக்கு எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்," என்றது. ஆனாலும் சோதித்துப் பார்த்தது. தட்டில் வளர்த்து, பொட்டு வைத்து, வட்டம் விழாததைப் பிரித்து, அதிலிருந்த வளையத்தை எடுத்துப் பார்த்தது. அதற்குக் கொஞ்ச நாள் ஆனது. தினமும் அந்தத் தட்டுகளை நான் தாண்டித்தான் போக வேண்டும். எட்டிப் பார்க்கமாட்டேன்.

ஒருநாள் அந்தப் பொண்ணே கூப்பிட்டுக் காட்டியது. பொட்டுகளைச் சுற்றி வட்டம் இல்லை.

"அக்கா காலுல இருந்த அதே வளையம்தானான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா அதே வேலையச் செய்யிற வளையம். நெறையவே இருக்கு." கொஞ்சம் தயங்கி, "அங்க எரு ஏதும் போடுறாங்களாண்ணே?" என்று கேட்டது.

குத்தகைக்காரரிடம் கேட்டேன். "கோழி எருதான். சாக்கோட்டைப் பண்ணையில இருந்து டிராக்டர்ல வருது. வருசா வருசம் அடிக்கிறோமே, ஏன் கேக்குறீக?" என்றார். நான் மண் எடுத்த அதே பண்ணை. அந்தப் பனையடி மண்ணை நான் காப்பாற்றவில்லை. காப்பாற்ற அங்கே ஒன்றும் மிச்சமில்லை. எல்லாம் அவள் காலுக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது.

அன்று அந்தத் தட்டுகளைக் குக்கரில் வைத்தது நான்தான். மூடியை இறுக்கிவிட்டு, சத்தம் அடங்குகிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசையில் டீசல் தின்கிற கிருமி குடுவையில் கொழுத்துக் கிடந்தது. அந்தப் பொண்ணுக்கு அதில் நல்ல பேர் கிடைக்கும் என்கிறார்கள். கிடைக்கட்டும்.

வீட்டுக்குப் போகையில் அவள் ஊசி போடுகிற நேரம். தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து புட்டியை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். முன்னால் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மண் எடுத்தது, வட்டம் விழாதது, கோழி எரு.

"அப்ப எங் காலை வச்சிருந்தா அந்த மண்ணு கெட்டிருக்காது."

"கெட்டிருக்காது."

"ஏற்கனவே கெட்டுத்தான் கெடந்துச்சு."

"ஆமா."

ஊசியை ஏற்றினாள். எங்கோ தொட்டியில் ஒரு கிருமி செய்தது, அவளை இன்றைக்கு உயிரோடு வைத்திருக்கப் போகிறது. அதற்கும் உள்ளே ஒரு வளையம். ஊசியை எடுத்து மூடி போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மிச்சத்தைக் கொண்டுபோறப்பவாச்சும் குக்கர்ல வைக்கணும்னு நிக்காதீக."

ரொம்ப நாளுக்குப் பிறகு என்னைப் பார்த்து அவள் பேசிய பேச்சு அது. நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

"எழுதி வைங்க," என்றாள். "நான் மொதல்ல போனா மக எரிக்கணும்பா, மருமகன் மின்சாரச் சுடுகாடும்பாரு, சொந்தக்காரவுக ஒண்ணு சொல்லுவாக. நாலு பேரு முன்னாடி நீங்க வாயத் தெறக்க மாட்டீக. தெறந்தா தப்பாத் தெறப்பீக. எழுதிட்டா காமிச்சிரலாம்."

"என் எழுத்து யாருக்குப் புரியும்?"

"கஷ்டப்பட்டுப் படிக்கட்டும்."

அதனால் எழுதுகிறேன். மகளும் மருமகனும் சொந்தக்காரர்களும் இதைக் கஷ்டப்பட்டுப் படித்துக்கொள்ளவும். வலையபட்டிப் புஞ்சையில், அவள் அப்பாவை வைத்த இடத்துக்கு அடுத்து, பனையடியில் அவளை வைக்க வேண்டும். ஒரு கால் இருக்காது. அது முன்னால் போகவில்லை, நான் அனுப்பவில்லை. குழியை முழு நீளத்துக்கே தோண்டவும்.

கார்த்திகை மாதம் ஆறாம் தேதி, சனிக்கிழமை.